கறிவேப்பிலைத் தொட்டியில் உப்பு ஏறிவிட்டதா? வேர்ப் பூசணம் வைக்கும் முறை

சிங்கப்பூர் மரீன் பரேடில், கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்தில் எங்கள் புளோக். தாழ்வாரத்தில் மூன்று வருடக் கறிவேப்பிலை. போன வருடம் அதன் இலை ஓரமெல்லாம் தீய்ந்து பழுப்பானது. சத்துக் குறைவு என்று நினைத்து உரத்தை அள்ளிப் போட்டேன். இன்னும் தீய்ந்தது. ரசாயன உரமும் உப்புதானே! கூரைக்குக் கீழே இருக்கும் தொட்டியில் மழை விழாது. சேர்ந்த உப்பு சேர்ந்தபடியே கிடக்கும். கடற்காற்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் கொண்டுவரும்.

முதலில் அளந்து பாருங்கள். நீர் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டு, இன்னொரு குவளை ஊற்றி, அடியில் வடிவதைப் பிடித்து ஈசி மீட்டரை (நீரில் கரைந்த உப்பை மின்கடத்தலை வைத்து அளக்கும் கருவி) முக்குங்கள். பேனா மாதிரி இருப்பதை வாங்குங்கள். மண்ணில் குத்தும் இரட்டைக் கம்பிக் கருவி, என்னைக் கேட்டால் காசுக்குக் கேடு. எனக்கு 5 மில்லிசீமென்ஸைத் தாண்டியது. 2க்கு மேல் போனாலே இப்போது கழுவிவிடுகிறேன்.

கழுவுவதற்குத் தொட்டியைக் குளியலறைக்குத் தூக்கிப் போங்கள். தாழ்வாரத்தில் ஊற்றினால் கீழ்வீட்டு ஆன்ட்டி மேலே வந்துவிடுவார். தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மூன்று மடங்கு நீர், மெதுவாக. தட்டில் தேங்கவிடாதீர்கள், டெங்கி.

சரி, பூசணம். வேரோடு ஒட்டி வாழ்ந்து செடிக்கு உதவும் மைக்கோரைசாவைத்தான் சொல்கிறேன், தூளாகக் கிடைக்கும். பாக்கெட்டில் ‘எண்டோ’ வகை என்று இருக்க வேண்டும். ‘எக்டோ’ பைன் போன்ற மரங்களுக்கு. எண்டோ பூசணத்தின் இழைகள் வேர்த்தூவியைவிட மெல்லியவை. வேர் எட்டாத இடுக்கிலிருந்து நீரும் பாஸ்பரஸும் கொண்டுவரும். மரம் பதிலுக்குச் சர்க்கரை கொடுக்கும். இலைக்கு ஏறும் சோடியம் குறைந்து, பொட்டாசியம் கூடும். ஆனால் உப்பை அது தின்றுவிடாது. கழுவாமல் பூசணம் மட்டும் வைத்துப் பயனில்லை.

நான் கோட்டை விட்டது இங்கேதான். தூளை மேல்மண்ணில் கோலப்பொடி மாதிரி தூவினேன். இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. வித்து முளைத்தாலும், உயிருள்ள வேர் கிடைக்காவிட்டால் இந்தப் பூசணம் பிழைக்காது. தூள் வேரைத் தொட வேண்டும். மறுமுறை செடியை வெளியே எடுத்து, வட்டமாகச் சுற்றிக் கிடந்த வேரை விரலால் லேசாகப் பிரித்து, ஈர வேரின் மேலேயே தடவி, புது மண்ணில் நட்டேன். எடுக்க முடியாத பெரிய தொட்டியா? சாப்ஸ்டிக்கால் வேர் வரை பத்துப் பன்னிரண்டு துளை போட்டு, தூளை இறக்கி, மூடி, நீர் விடுங்கள்.

அப்புறம் இரண்டு மாதம் பாஸ்பரஸ் உரம் வேண்டாம், எலும்புத்தூளும்தான். பாஸ்பரஸ் தாராளமாகக் கிடைத்தால் மரம் பூசணத்தைச் சேர்த்துக்கொள்ளாது. பூசணக்கொல்லியை மண்ணில் ஊற்றவே கூடாது. ஏழாவது வாரம் வந்த கொழுந்து ஓரம் தீயாமல் விரிந்தது. தீய்ந்த பழைய இலை ஆறாது, கிள்ளி எறிந்துவிட்டேன்.

பின்சேர்க்கை: டிரைக்கோடெர்மா என்ற பூசணத்தைப் போட்டால் போதாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அது வேறு ஆள். வேர் அழுகலைத் தடுக்கப் போடுவது. இன்னொருவர் சாய் சிம் கீரைக்கு வைத்துப் பலனில்லை என்றார். சாய் சிம், கைலான் எல்லாம் கடுகுக் குடும்பம். இந்தப் பூசணத்தை வேரில் அண்டவிடாது. அந்தத் தொட்டியைக் கழுவினால் போதும், தூளை வீணாக்காதீர்கள்.