ஹஜ் நோட்டு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹஜ் யாத்ரீகர்களின் செலவுக்கென்று தனியாக அச்சிட்ட பணம்தான் ஹஜ் நோட்டு. இந்திய ஹஜ் நோட்டைத் தேடுகிறவர்கள் முதலில் சறுக்குவது, வளைகுடா நாடுகளில் புழங்குவதற்காக இந்தியா அச்சிட்ட வளைகுடா நோட்டில்தான். இரண்டுமே 1959இல் வந்தவை, இரண்டுமே இந்தியாவுக்குள் செல்லாதவை. 10 ரூபாயிலும் 100 ரூபாயிலும் இரண்டு வகைக்கும் ரிசர்வ் வங்கி ஆளுநர் எச்.வி.ஆர். ஐயங்காரின் கையெழுத்தே இருக்கும். விற்பவருக்கே வேறுபாடு தெரியாமல் போவது சகஜம்.

இந்திய ஹஜ் நோட்டு 10 ரூபாய், 100 ரூபாய் என்று இரண்டே மதிப்பில் வந்தது. பத்து நீலம், நூறு சிவப்பு. வரிசை எண்ணுக்கு முன்னால் ‘எச்ஏ’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும், மேலே வங்கியின் பெயருக்கு இரு பக்கமும் ‘ஹஜ்’ என்று ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். வளைகுடா நோட்டில் எண்ணுக்கு முன் ‘இசட்’ இருக்கும். 1, 5, 10, 100 என நான்கு மதிப்புகள். அதில் பத்து சிவப்பு, நூறு பச்சை. நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவது இங்கேதான். யாராவது ‘5 ரூபாய் ஹஜ் நோட்டு’ என்று இந்திய நோட்டை நீட்டினால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். அப்படி ஒன்று வரவே இல்லை.

சாதாரண நோட்டை ரசாயனத்தில் நனைத்து நிறம் மாற்றி விற்பதும் உண்டு. நிறத்தை மாற்றலாம், எண்ணுக்கு முன்னுள்ள எழுத்தை அப்படி மாற்ற முடியாது. சுரண்டித்தான் ஆக வேண்டும். பத்து மடங்கு லென்ஸில் அந்த இடத்தைப் பாருங்கள். சுரண்டிய இடத்தில் காகித நார் எழும்பி நிற்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அங்கே மட்டும் காகிதம் மெலிந்து தெரியும். படத்தை மட்டும் பார்த்து வாங்குவதாக இருந்தால், பின்னாலிருந்து விளக்கொளி விழும்படி எடுத்த படம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்.

பாகிஸ்தானும் ஹஜ் நோட்டு வெளியிட்டது. அதில் சிக்கல் விலையில். 1950இல் தொடங்கிய அந்த ஹஜ் நோட்டு ஏற்பாடு 1978இல் முடிந்தபோது மிஞ்சிய புதிய நோட்டுகள் ஏராளமாகச் சேகரிப்பாளர் சந்தைக்கு வந்தன. ஆகவே 1970களின் நோட்டு மடிப்பில்லாமல் கிடைப்பது அதிசயமல்ல. ‘அரிது’ என்றால் நம்ப வேண்டாம். அதில் ஸ்டேப்ளர் ஓட்டை இருந்தால் ஒதுக்கவும் வேண்டாம், அந்நாட்டில் கட்டுகளை அப்படித்தான் பின் அடித்தார்கள். 1950களின் நோட்டுதான் உண்மையில் கிடைப்பது கடினம்.

ஹஜ் யாத்ரீகர்களுக்காகச் சவுதி அரேபியாவின் நாணய முகமை வெளியிட்டவை பெயரளவில் ரசீதுகள். வெள்ளி ரியாலைச் சுமக்கும் பாரம் யாத்ரீகர்களுக்குக் குறையட்டும் என்று 1953இல் 10 ரியாலில் தொடங்கினார்கள். 10 ரியாலில் இரண்டு வகை உண்டு: ஹிஜ்ரி எனும் இஸ்லாமிய ஆண்டு 1372, 1373. முதலாவதுதான் விலை அதிகம். அரபு எண்ணில் ‘2’ இலக்கத்தின் தலையில் ஒரு வளைவு, ‘3’ இலக்கத்தின் தலையில் இரண்டு. மடிப்பு அந்தக் கடைசி இலக்கத்தின் மேல் விழுந்திருந்தால் லென்ஸ் இல்லாமல் முடிவு செய்யாதீர்கள்.

வாங்கியபின் செய்கிற தவறுகளுக்குப் பரிகாரமே இல்லை. லேமினேஷன் செய்த நோட்டு, செல்லோடேப் ஒட்டிய நோட்டு, கழுவி இஸ்திரி போட்ட நோட்டு மூன்றுக்கும் மதிப்பு சரிந்துவிடும். இஸ்திரி பட்டால் மேடாக நிற்கும் அச்சு தட்டையாகிவிடும். விரலால் தடவினாலே தெரிந்துவிடும். பிவிசி உறை நாளடைவில் பிசுபிசுத்து மையைப் பிடித்துக்கொள்ளும். மைலார் எனும் பாலியெஸ்டர் உறையில் ஒவ்வொரு நோட்டையும் தனித்தனியாக, மடிக்காமல் வைத்து, ஈரம் ஏறாத அலமாரியில் படுக்கையாக அடுக்குங்கள்.