சைவச் சாப்பாட்டை இதயத்துக்கு ஏற்றதாக மாற்றும் முறை

வெள்ளிக்கிழமை மதியம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் வெள்ளைச் சோறு மலையாகக் குவிந்திருக்கும். பக்கத்தில் பொரித்த பாகற்காய், நான்கு அப்பளம், ஊறுகாய், கடைசியில் பாயாசம். என் அப்பா அதைத்தான் விரதச் சாப்பாடு என்று நம்பினார். 57 வயதில் இதயக் குழாயில் அடைப்பு என்றதும், "வாரத்தில் இரண்டு நாள் சைவமாயிற்றே?" என்று மருத்துவரிடம் கேட்டார்.

சைவத்திலும் இரண்டு வகை உண்டு. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களைக் கண்காணித்து 2017இல் வெளியான ஹார்வர்ட் ஆய்வில், முழுதானியம், பயறு, காய், பழம், கொட்டைகளை அதிகம் உண்டவர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. தீட்டிய தானியமும் இனிப்பு பானமும் அதிகம் உண்டவர்களுக்கோ கூடுதலாக இருந்தது.

முதல் படி: இலையைப் பங்கு பிரியுங்கள். மலேசியச் சுகாதார அமைச்சு சொல்லும் "சுக்கு சுக்கு செபாரோ"தான் (மலாயில் கால், கால், பாதி) கணக்கு. கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்பு அல்லது தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), மீதிப் பாதி முழுவதும் காயும் பழமும். சோற்றைக் கடைசியில் போடச் சொல்லுங்கள். இடம் தானாகவே குறைந்துவிடும்.

இரண்டாம் படி: பருப்பை அடியிலிருந்து அள்ளுங்கள். மேலே நிற்கும் தண்ணீரில் நார்ச்சத்து அதிகம் இல்லை. பருப்பு, ஓட்ஸ், வெண்டைக்காய் ஆகியவற்றின் கரையும் நார்ச்சத்து குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றுகிறது. புதிய பித்தம் சுரக்க, கல்லீரல் இரத்தத்திலிருந்து கெட்ட கொழுப்பை இழுத்துக்கொள்கிறது. காலையில் பசியாறும்போதே ஓட்ஸைச் சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: தினமும் ஒரு கட்டுக் கீரை. சௌகிட் சந்தையில் கங்கோங், சாயூர் மானிஸ், வல்லாரை எல்லாம் கிடைக்கும். இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய், ஐந்து சின்ன வெங்காயம், இரண்டு பல் பூண்டு தாளியுங்கள். வெங்காயம் கண்ணாடிபோல் ஆனதும் கீரையைப் போட்டு, பச்சை நிறம் மங்கும் முன் இறக்குங்கள். இறக்கிய பிறகு உப்பு போட்டால் கொஞ்சமே போதும். ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குக் குறைவாக உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அப்பளமும் ஊறுகாயும் அந்தக் கணக்கில் சேரும்.

நான்காம் படி: தெம்பேயை மஞ்சள், மிளகாய்த்தூள் பிரட்டித் தோசைக்கல்லில் சுடுங்கள். தேங்காய்ப்பாலின் கொழுப்பில் பெரும்பகுதி, கெட்ட கொழுப்பை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு என்பதால், குழம்புக்குப் பயன்படுத்துவதைப் பாதியாகக் குறையுங்கள். இனிப்பான பால் தேநீரான தே தாரிக்குக்குப் பதில், பாலும் சீனியும் இல்லாத "தே ஓ கோசோங்" கேளுங்கள்.

கொழுப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சிறுநீரக நோயாளிகளும் கீரையின் அளவை மாற்றும் முன் மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். அப்பாவின் இலையில் இப்போது ஓர் அப்பளம் மட்டும் இருக்கிறது; அதை நானும் எடுக்கச் சொல்லவில்லை.