வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஜன்னல்: ஈர்க்குச்சியிலிருந்து தொடங்குங்கள்

மிக்ஜாம் புயலின்போது, 2023 டிசம்பர் 3 இரவு, சென்னையில் எங்கள் படுக்கையறை ஜன்னல் வழியாகத் தண்ணீர் வந்தது. இருப்பது இரண்டாவது மாடி. பழைய வேட்டியைப் போட்டுப் பிழிந்து பிழிந்தே பொழுது விடிந்தது. இத்தனைக்கும் மூன்று மாதம் முன்புதான் அந்த ஜன்னலுக்கு நானே சிலிக்கான் (இடுக்கு அடைக்கும் பசை) வைத்திருந்தேன். வினையே அதுதான் என்று அப்புறம்தான் தெரிந்தது.

வேலையைப் புரட்டாசியிலேயே முடித்துவிடுங்கள். ஈரச் சுவரில் சிலிக்கான் ஒட்டாது.

1. முதலில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒருவர் வெளியே ஹோஸ் பைப்புடன், ஒருவர் உள்ளே டார்ச்சுடன். கீழ் விளிம்பில் தொடங்கி மெல்ல மேலே போகவும். எடுத்ததும் மேலிருந்து அடித்தால் எல்லா இடமும் நனைந்து, எங்கே ஒழுகுகிறது என்றே தெரியாது. எந்தத் திசை ஜன்னலையும் விடாதீர்கள். 2016 வர்தா புயலின் மையம் கடந்ததும் காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தது நினைவிருக்கலாம்.

2. இனி நான் சறுக்கிய இடம். யுபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) ஸ்லைடிங் ஜன்னலின் கீழ் டிராக்கில், அதாவது கதவு ஓடும் பள்ளத்தில், மழைநீர் சேரத்தான் செய்யும். அது வெளியேறவே துளைகள் வைத்திருக்கிறார்கள். டிராக்கின் உள்ளே ஒன்று, சட்டத்தின் வெளிமுகத்தில் ஒன்று. இரண்டும் நேருக்கு நேர் இருக்காது. வெளியே தெரிந்ததை ஏதோ ஓட்டை என்று நினைத்து, சிலிக்கான் வைத்து விரலால் வழித்தும் விட்டேன். டிராக் நிரம்பியது, தண்ணீர் கட்டிலை நோக்கி வந்தது.

பிளேடால் அதைச் சுரண்டி எடுக்க அரை நாள் போனது. உங்களுக்கு அந்த வேலை வேண்டாம். தென்னந்துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி இரண்டு துளைகளையும் குத்திவிடுங்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பக்கத்து ஜன்னலில் செத்த எறும்பு, கொசுவலை நூல், பெயின்ட் துணுக்கு எல்லாம் வந்தன. பிறகு டிராக்கில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். வெளியே சொட்டினால் சரி.

3. சிலிக்கான் வைக்க வேண்டிய இடம் சட்டமும் சுவரும் சேரும் இடுக்கு மட்டுமே. பழையதை முழுக்க எடுத்துவிட்டு, இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பூசுங்கள். நியூட்ரல் வகையே வாங்குங்கள். வினிகர் வாடை அடிக்கும் மலிவு ட்யூப் சிமென்ட்டில் சரியாகப் பிடிக்காது, இரும்பு கிரில்லையும் அரிக்கும். ஒரு நாள் காயட்டும். கண்ணாடியில் பெருக்கல் குறி போல டேப் ஒட்டுவதெல்லாம் வீண் வேலை. உடைய வேண்டியது உடைந்தே தீரும்.

4. மற்றவை சீக்கிரம் முடியும். ஏசி பைப் நுழையும் துளையின் இடைவெளியை அடைத்துவிடுங்கள். அந்தப் பைப் வெளிப்பக்கமாகச் சற்றுச் சரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அதன் வழியாகவே நீர் இறங்கும். மொட்டை மாடி வடிகால் ஜாலியில் இலை அள்ளுங்கள். சிண்டெக்ஸ் மூடியைக் கட்டுங்கள். ரெட் அலர்ட் வந்தால் பூந்தொட்டிகள் கீழே வரட்டும்.

பின்சேர்க்கை: மர ஜன்னல் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். மழையில் உப்பி இறுகும்போது ஆசாரியை அழைத்து இழைக்காதீர்கள், கோடையில் சுருங்கி இடைவெளி விழும். இப்போதைக்கு உரசும் விளிம்பில் மெழுகுவர்த்தி தேய்த்து ஓட்டுங்கள். இழைப்பதைத் தை பிறந்து மரம் காய்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம். இழைத்த விளிம்புக்கு அன்றே பெயின்ட் அடித்துவிடுங்கள்.