கடைசி ஓவரில் கோட்டைவிடும் சிற்றலை நேயர்களுக்கு

1999 ஜூன் 17, பர்மிங்காமில் உலகக் கோப்பை அரையிறுதி. தென்னாப்பிரிக்காவுக்குக் கடைசி ஓவரில் 9 ரன் வேண்டும், கையில் ஒரே விக்கெட். குளூஸ்னர் முதல் இரண்டு பந்தையும் பவுண்டரிக்கு விரட்டினார். நான்காவது பந்தில் டொனால்ட் ரன் அவுட். இரண்டு அணியும் 213. இறுதிக்குப் போனது ஆஸ்திரேலியா. கடலூர் முதுநகரில் மொட்டை மாடியில் சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலியைக் காதில் ஒட்டிக்கொண்டு கேட்டதெல்லாம் நினைவிருக்கிறது. எந்த அலைவரிசை என்பதை மட்டும் குறிக்கவே இல்லை. கேட்ட விவரத்தை எழுதி அனுப்பினால், ஆமாம் கேட்டீர்கள் என்று நிலையம் அனுப்பும் கியூஎஸ்எல் அட்டை போச்சு!

ஆட்டம் சூடுபிடித்ததும் குறிப்பேட்டை மறப்பதுதான் பெரிய தவறு. பரபரப்பு தொடங்கும் முன்பே அலைவரிசையையும் நேரத்தையும் எழுதிவிடுங்கள். நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்க வேண்டும். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழியுங்கள். நள்ளிரவு தாண்டினால் தேதியும் மாறும் என்பதில் பலர் சறுக்குகிறார்கள். நமக்கு 18ஆம் தேதி இரவு 1 மணி என்றால் அங்கே எழுத வேண்டியது 17ஆம் தேதி 19.30.

அப்புறம், நிலையத்துக்கு ஸ்கோரை மட்டும் எழுதி அனுப்பினால் நீங்கள் கேட்டதற்கு அது சாட்சியாகாது. மறுநாள் பேப்பரில் அதுதானே வரும்? வர்ணனையாளர் எப்போது மாறினார், இடைவேளையில் யாரைப் பேட்டி எடுத்தார்கள், நடுவில் என்ன அறிவிப்பு வந்தது என்று பேப்பரில் வராததை எழுதுங்கள். பாசத்தில், ஒலி எப்படிக் கேட்டது என்பதற்கு ஐந்து இலக்கத்தில் தரும் சின்போ மதிப்பெண்ணை, முழு மதிப்பெண்ணான 55555 என்று அள்ளிக் கொடுப்பதும் வேண்டாம். இரைச்சல் இருந்தால் இருந்தது என்று சொன்னால்தான் ஒலிபரப்பும் பொறியாளருக்குப் பயன். வெளிநாட்டிலுள்ள வானொலிப் பெட்டியை இணையம் வழியாக இயக்கிக் கேட்டுவிட்டு, கடலூரில் கேட்டதாக எழுதுவது, என்னைக் கேட்டால், சுத்தப் பித்தலாட்டம்.

ஒலி மங்கினால் சத்தத்தைக் கூட்டிப் பயனில்லை, இரைச்சலும் சேர்ந்தே கூடும். சிற்றலையில் பகலில் உயர்ந்த அலைவரிசைகளும் இரவில் தாழ்ந்தவையும் பெரும்பாலும் எடுபடும். அதனால் அதே நிலையத்தின் இன்னொரு அலைவரிசையை முன்கூட்டியே தேடி வையுங்கள். பக்கத்தில் எல்இடி பல்பு, போன் சார்ஜர் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

நம் ஊர் உப்புக்காற்றில் செம்புக் கம்பியின் இணைப்புகள் சீக்கிரம் பச்சை பூத்துவிடும், சுரண்டிவிட்டு முறுக்குங்கள். ஐப்பசியில் வானம் கறுத்ததுமே, மின்னல் வரும் முன், வெளி ஆன்டெனாவைக் கழற்றிவிட வேண்டும், கடைசி ஓவராக இருந்தாலும் சரி. ஸ்கோர் காலையில் டீக்கடையில் கிடைத்துவிடும்.