பொது வாக்கெடுப்புக்கு முந்தைய வாரங்களை எரிச்சலோடு மட்டும் கழிக்காதிருப்பது எப்படி

நாடு தழுவிய பொது வாக்கெடுப்பு அறிவிக்கப்பட்ட நாள் முதல் வாக்குப்பதிவு வரையிலான வாரங்கள், சாதாரணத் தேர்தல் காலத்தைவிட அதிகமாகப் பொறுமையைச் சோதிப்பவை. தேர்தலில் பிடித்தவருக்கு வாக்களிக்கலாம். பிடிக்காமல் போனால் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்ற ஆறுதலும் உண்டு. இங்கோ, சட்ட வல்லுநர்களே ஆளுக்கொரு பொருள் சொல்லும் ஒன்றுக்கு 'ஆம்', 'இல்லை' என்று ஒற்றைச் சொல்லில் விடை கேட்கிறார்கள். இரு தரப்பின் பேச்சையும் கேட்டுக் களைத்துப்போனவர், எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். இந்தச் சலிப்பை அறியாமை என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் பல வேளைகளில் அதற்கு வலுவான காரணம் இருக்கிறது. ஆகவே சலிப்பை விரட்ட முயலாமல், அதில் எந்தப் பகுதி உண்மை, எந்தப் பகுதி வெறும் புலம்பல் என்று பிரித்தறியும் வழிகளையே இங்கே சொல்கிறேன்.

முதல் வேலை, வாக்குச்சீட்டில் அச்சாகப்போகும் கேள்வியைச் சொல்லுக்குச் சொல் படிப்பது. பெரும்பாலோர் கேள்வியைப் பற்றிய பேச்சைத்தான் கேட்கிறார்களே தவிர, கேள்வியைப் பார்ப்பதில்லை. 2015 ஜூலை 5 அன்று கிரேக்க மக்களின் கையில் கொடுக்கப்பட்ட சீட்டு, கடன் கொடுத்த அமைப்புகள் முன்வைத்த இரண்டு ஆவணங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றை ஏற்கிறீர்களா என்று கேட்டது. அந்த ஆவணங்களுள் ஒன்று கடனைத் தாங்கும் திறன் பற்றிய பூர்வாங்க ஆய்வறிக்கை. அதைப் படித்துவிட்டு வாக்களித்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பதை வாசகரின் ஊகத்துக்கே விடுகிறேன். போதாக்குறைக்கு, அச்சீட்டில் 'இல்லை' மேலேயும் 'ஆம்' கீழேயும் இருந்தன. அறிவிப்புக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையில் கிடைத்தது ஒரு வாரத்தைச் சற்றுத் தாண்டிய அவகாசமே. பிரிட்டனில் 2016 வாக்கெடுப்புக்கு முதலில் எழுதப்பட்ட கேள்வி, ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினராக நீடிக்க வேண்டுமா என்று மட்டும் கேட்டது. அது ஒரு பக்கம் சாய்வதாகத் தோன்றக்கூடும் என்று தேர்தல் ஆணையம் சுட்டிக்காட்டிய பிறகே, நீடிக்க வேண்டுமா அல்லது விலக வேண்டுமா என்று இரு தெரிவுகளையும் சொல்லும்படி அது மாற்றப்பட்டது. இத்தாலியில் நடப்பிலுள்ள சட்டத்தை நீக்குவதற்கான வாக்கெடுப்புகளில், சட்டம் வேண்டாம் என்பவர்தான் 'ஆம்' என்று குறியிட வேண்டும். எனவே கேள்வியை ஒரு தாளில் எழுதி, அதன் கீழே 'ஆம் என்றால் இது மாறும், இல்லை என்றால் இது இப்படியே இருக்கும்' என்று உங்கள் சொந்த நடையில் இரண்டு வரி எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் குறை உங்களிடம் மட்டும் இருப்பதாக எண்ண வேண்டியதில்லை. கேள்வியே தெளிவற்றதாக இருக்கலாம், அதுவும் வாக்களிக்கும்போது கணக்கில் கொள்ள வேண்டிய செய்திதான்.

அடுத்து, முடிவு யாரைக் கட்டுப்படுத்தும் என்று பாருங்கள். சில நாடுகளில் வாக்கெடுப்பின் முடிவே அரசமைப்பைத் திருத்திவிடும். வேறு சிலவற்றில் அது நாடாளுமன்றத்துக்குச் சொல்லப்படும் ஆலோசனை மட்டுமே. பெரும்பான்மை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதும் முக்கியம். ஆஸ்திரேலியாவில் நாடு முழுவதற்குமான பெரும்பான்மையோடு, ஆறு மாநிலங்களில் குறைந்தது நான்கிலும் பெரும்பான்மை வேண்டும். இரு அவைகளின் தேர்தல்களையும் ஒரே நேரத்தில் நடத்தும் திட்டத்துக்கு 1977இல் அங்கே 62 சதவீதத்தினர் ஆதரவளித்தும், மூன்று மாநிலங்கள் மட்டுமே ஏற்றதால் அது தோற்றது.

'நான் வாக்களிக்கவே போவதில்லை' என்று சொல்பவர் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இத்தாலியின் அந்தச் சட்ட நீக்க வாக்கெடுப்புகளில் வாக்காளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பங்கேற்றால்தான் முடிவு செல்லும். ஆகவே அங்கே வீட்டில் இருப்பது எதிர்த்து வாக்களிப்பதைவிடப் பலமான ஆயுதமாக இருக்கலாம். 2016 அக்டோபரில் ஹங்கேரியில் வாக்களித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அரசு விரும்பிய பக்கமே நின்றபோதும், செல்லத்தக்க வாக்குகள் பாதியை எட்டாததால் அந்த வாக்கெடுப்பு செல்லாததாயிற்று. அதே நாளில் கொலம்பியாவில், அரசு கிளர்ச்சியாளர்களுடன் செய்துகொண்ட அமைதி ஒப்பந்தம் மீது நடந்த வாக்கெடுப்பில் இத்தகைய பங்கேற்பு வரம்பு இல்லை. வாக்களித்தவர் 40 சதவீதத்துக்கும் குறைவு, ஒப்பந்தம் 50.2 சதவீத எதிர்ப்பில், ஏறத்தாழ 54,000 வாக்கு வித்தியாசத்தில் நிராகரிக்கப்பட்டது. ஒரே செயல், அதாவது வீட்டிலேயே இருந்துவிடுவது, விதியைப் பொறுத்து ஓரிடத்தில் ஆயுதமாகவும் இன்னோரிடத்தில் அடுத்தவரிடம் முடிவை ஒப்படைப்பதாகவும் ஆகிவிடுகிறது.

'என்ன வாக்களித்தாலும் அவர்கள் நினைத்ததைத்தான் செய்வார்கள்' என்பது அடிக்கடி காதில் விழும் பேச்சு. இதற்குச் சான்றே இல்லை என்று சொல்ல முடியாது. கிரேக்கர்கள் 61 சதவீதம் பேர் 'இல்லை' என்ற எட்டே நாளில் அவர்களுடைய அரசு கடுமையான நிபந்தனைகளுக்கு உடன்பட்டது. அயர்லாந்து 2008இல் நிராகரித்த, ஐரோப்பிய ஒன்றியத்தின் லிஸ்பன் ஒப்பந்தம் 2009இல் மீண்டும் வாக்குக்கு விடப்பட்டு ஏற்கப்பட்டது. ஆனால் இரண்டாம் முறை கேட்பதற்குள், இராணுவ நடுநிலை, வரிவிதிப்பு முதலியவை பற்றி அயர்லாந்துக்கு உறுதிமொழிகள் கிடைத்திருந்தன. கொலம்பியாவிலும் ஒப்பந்தம் திருத்தப்பட்ட பின்னரே நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்குச் சென்றது. மக்களின் மறுப்பு பேரத்தை மாற்றியிருக்கிறது, விரும்பிய அளவுக்கு இல்லாவிட்டாலும். இலங்கையில் 1982 டிசம்பர் 22 அன்று நடந்த வாக்கெடுப்பு முற்றிலும் வேறு வகை. 1977இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தல் இல்லாமலே மேலும் ஆறு ஆண்டுகளுக்கு நீட்டலாமா என்று, விளக்கு, பானை ஆகிய சின்னங்களைக் கொடுத்துக் கேட்டார்கள். நீட்டலாம் என்பதற்கான விளக்கு வென்றது, அடுத்த பொதுத்தேர்தல் 1989இல்தான் வந்தது. எந்தக் கட்சி ஆண்டால் என்ன என்று அன்று ஒதுங்கியிருந்த ஒருவர், அடுத்து யார் ஆளலாம் என்று சொல்லும் வாய்ப்பையே ஆறு ஆண்டுகளுக்கு இழந்தார். கேள்வியைக் கேட்பவருக்கு அதனால் என்ன லாபம் என்று முதலில் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஆட்சியாளர்கள் மீதுள்ள கோபத்தை வாக்கெடுப்பில் தீர்த்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு நேரான விடை கிடையாது. 1969இல் பிரான்சின் அதிபர் தகோல், மேலவை மற்றும் வட்டாரச் சீர்திருத்தம் தோற்றால் விலகிவிடுவேன் என்றார்; தோற்றது, விலகினார். தலைவரே தன் பதவியைப் பணயம் வைத்துவிட்டால், மக்கள் அவரைப் பற்றி வாக்களிப்பதைக் குறைசொல்ல முடியாது. அப்படிப் பணயம் எதுவும் இல்லாதபோது, விலைவாசி உயர்வுக்கான கோபத்தில் அரசமைப்புப் பிரிவு ஒன்றைத் தோற்கடித்தால் விலைவாசி அப்படியேதான் இருக்கும். அடுத்த தேர்தல் வரை காத்திருக்க வேண்டிய கோபம் எது, இந்தச் சீட்டோடு தொடர்புள்ள கோபம் எது என்று வகைப்படுத்திக்கொள்வது நல்லது.

பிரசாரத்தில் வரும் எண்களைக் கண்டால் சற்று நில்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வாரந்தோறும் 35 கோடி பவுண்டு அனுப்புகிறோம் என்று 2016இல் ஒரு சிவப்புப் பேருந்தின் பக்கவாட்டில் எழுதி ஊர் ஊராக ஓட்டினார்கள். பிரிட்டனுக்குக் கிடைத்துவந்த தள்ளுபடியை அந்தத் தொகை கழிக்கவில்லை, திரும்பி வந்த மானியங்களையும் கணக்கில் கொள்ளவில்லை. நாட்டின் புள்ளியியல் ஆணையமே அது தவறான எண்ணத்தைத் தருகிறது என்று கூறியது. ஒரு தொகையைக் கேட்டவுடன், கழிவுகளுக்கு முன்னா பின்னா, வாரத்துக்கா ஆண்டுக்கா, மிச்சமானால் எந்தத் துறைக்குப் போகும் என்ற மூன்றையும் கேட்டுப் பாருங்கள்.

கைப்பேசிக்கு வரும் பகிர்வுச் செய்திகளை நாள் முழுவதும் பார்ப்பதற்குப் பதிலாக, ஒரு வேளையை ஒதுக்கி, அரசின் விளக்க ஏட்டையும் மறுதரப்பின் ஒரு பிரசுரத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பது மேல். சுவிட்சர்லாந்தில் வாக்கெடுப்புக்குச் சில வாரங்கள் முன்பே வாக்காளர்களின் முகவரிக்கு ஒரு சிறு ஏடு வருகிறது; அதில் வாக்குக்கு விடப்படும் சட்டவாசகமும், அரசின் வாதமும், எதிர்ப்புக் குழுவின் வாதமும் ஒன்றாக அச்சாகின்றன. அத்தகைய ஏற்பாடு இல்லாத இடத்தில் அதை நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். குடும்பக் குழுவில் ஒருவர் அச்சமூட்டும் செய்தியைப் போட்டால் பதிலுக்கு ஒன்றைப் போடாமல், "சித்தப்பா, இது எந்தப் பிரிவில் இருக்கிறது என்று சொல்லுங்கள், நானும் படித்துப் பார்க்கிறேன்" என்று மட்டும் கேளுங்கள். மரியாதையும் கெடாது, பெரும்பாலும் பேச்சும் அங்கேயே நின்றுவிடும்.

வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா, அஞ்சல் வாக்குக்குக் கடைசி நாள் எது என்பவற்றை முதல் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள். வாக்களித்த மறுநாள் எல்லாம் அடங்கிவிடும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம்: பிரிட்டன் 2016 ஜூன் 23 அன்று வாக்களித்தது, ஒன்றியத்திலிருந்து விலகியதோ 2020 ஜனவரி 31 அன்று. ஆகையால் இரு தரப்பின் துண்டறிக்கைகளையும் பழைய காகிதத்தோடு போட்டுவிடாமல், தேதி குறித்து ஓர் உறையில் வைத்திருங்கள். வென்றவர்கள் அடுத்த தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வரும்போது, தாங்கள் எழுதிக்கொடுத்ததை அவர்களிடமே காட்டிக் கேட்பதற்கு அது பயன்படும்.