மூச்சு சீரானதும் இன்ஹேலரை ஓரம்கட்டுவது: ஆஸ்துமாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பங்குனியில் மூச்சு நன்றாக இருக்கிறதே என்று இன்ஹேலரைத் தூக்கிப் பரணில் போடுவது, ஐப்பசி மழையில் வீசிங் வந்ததும் அதைத் தேடுவது. ராமநாதபுரம் கடற்கரை வீடுகளில் இது சகஜம். ஆஸ்துமாவில் செய்யும் பெரிய தவறும் இதுதான்.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்கியிருக்கும். தூசியோ புகையோ பட்டால் அதைச் சுற்றியுள்ள தசையும் இறுகும். அவசரத்துக்கு அடிக்கும் சால்பியூட்டமால் தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான். வீக்கத்தைக் குறைப்பது புடசனைடு போன்ற தடுப்பு மருந்து. டாக்டர் தினமும் எடுக்கச் சொல்லியிருந்தால் இரைப்பு இல்லாத நாளிலும் எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கும் 12 வயது தாண்டிய பிள்ளைகளுக்கும் சால்பியூட்டமால் மட்டும் போதாது என்று 'ஜினா' என்ற சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019-லேயே சொல்லிவிட்டது.

'இன்ஹேலர் பழகிவிடும், மாத்திரையே போதும்' என்பார்கள். கணக்கைப் பாருங்கள்: இன்ஹேலரை ஒரு முறை அழுத்தினால் வரும் ஒரு பஃப்பில் 100 மைக்ரோகிராம் சால்பியூட்டமால், ஒரு மாத்திரையில் 4 மில்லிகிராம். நாற்பது மடங்கு! அது உடம்பெல்லாம் சுற்றுவதால்தான் கை நடுக்கமும் படபடப்பும். மெடிக்கலில் கேட்டு வாங்கும், பல மாத்திரைகளைச் சேர்த்துத் தரும் 'செட்' இன்னும் மோசம். அதில் ஸ்டீராய்டு இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

அப்புறம், கேப்சூல் போட்டு இழுக்கும் கருவி. கேப்சூலை முன்கூட்டியே பிரித்து வைத்தால் கடற்காற்றின் ஈரத்தில் பொடி கட்டிக்கொள்ளும். கழுவிய கருவியைக் காயாமல் பயன்படுத்தினாலும் அதே கதிதான். முதலில் மூச்சை வெளியே விடுங்கள், ஆனால் கருவிக்குள் ஊதாதீர்கள். பிறகு உதட்டை இறுக்கி வைத்து வேகமாக, ஆழமாக இழுங்கள். பஃப் வகைக்கு இது நேர்மாறு: மெதுவாக இழுக்க வேண்டும், இன்ஹேலரில் மாட்டும் குழாய் போன்ற ஸ்பேசர் இருந்தால் நல்லது. எதுவானாலும் பத்து நொடி மூச்சைப் பிடியுங்கள். தடுப்பு மருந்துக்குப் பின் வாய் கொப்பளிக்காவிட்டால் நாக்கில் வெள்ளை படியலாம். பஃப் டப்பாவைப் படகில் வெயில்படும் இடத்தில் வைக்கக் கூடாது.

வாழைப்பழம், தயிர் என்று எல்லாவற்றையும் விலக்குபவர்கள் மூக்கில் ஏறுவதைக் கவனிப்பதில்லை. கருவாட்டைக் கொட்டி அள்ளும்போது பறக்கும் தூசி, நண்டு உடைக்கும் கூடத்து ஆவி, சாயல்குடி, கடலாடிப் பக்கத்துக் கரிமூட்டப் புகை, படுக்கையறைக் கொசுவர்த்தி, சாம்பிராணி எல்லாமே இரைப்பைக் கிளப்பக்கூடியவை. வேலைக்குப் போகும் நாளில் இரைத்து, லீவு நாளில் தணிந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

கடலுக்குப் போகிறவர் அவசர இன்ஹேலரை ஈரம் படாமல் கூடவே வைத்திருக்க வேண்டும். இரைப்பு வந்தவரைப் படுக்க வைக்காமல் நிமிர்ந்து உட்கார வைத்து பஃப் கொடுங்கள். பேச்சு தடுமாறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பஃப்புக்கும் தணியாவிட்டாலோ விடியட்டும் என்று இருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 50 கிலோமீட்டருக்கு மேல்.