சிலிண்டரில் இன்னும் எத்தனை நாள் சமையல் இருக்கிறது?

கோத்தகிரிக்குக் குடிவந்த முதல் மார்கழியில், ஒருநாள் விடியற்காலை பால் காய்ச்ச அடுப்பைப் பற்றவைத்தேன். தீ சுருங்கிச் சுருங்கி, பால் ஆடை கட்டுவதற்குள் அணைந்தே போனது. காலி என்று முடிவுகட்டி அடுத்த சிலிண்டரை மாட்டிவிட்டேன். மறுவாரம் காலியை எடுக்க வந்தவர் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "இதில் இன்னும் கேஸ் இருக்கிறதே, சார்!" பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து அண்ணன் தன் தராசில் மாட்டிக் காட்டினார். இரண்டரைக் கிலோ மிச்சம். என் முகம் போன போக்கைப் பார்த்து அவர் சிரிக்காமல் இருந்தது பெருந்தன்மைதான்.

சமவெளியில் தீ மங்கினால் சிலிண்டர் தீரப்போகிறது என்று சொல்லிவிடலாம். மலையில் அது பொய் சொல்லும். உள்ளே இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். அது ஆவியானால்தான் அடுப்புக்கு வரும். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும், பியூட்டேனோ பூஜ்ஜியத்தை ஒட்டித்தான். முந்திக்கொண்டு வெளியேறுவது புரோப்பேன் என்பதால், அடியில் தங்குவதில் பியூட்டேனே மிகுதி. வெளியே தகரக் கொட்டகையில் சிலிண்டர் நடுங்கிக்கொண்டிருக்கும் காலையில் அது சோம்பிக் கிடக்கும். வெயில் ஏறினால் அதே அடுப்பு நன்றாக எரியும்.

ஆகவே எடை போடுங்கள். முதலில் அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வின் மேல் பாதுகாப்பு மூடியைப் போடுங்கள். பிறகு கைப்பிடி வளையத்தைத் தாங்கி நிற்கும் இரும்புப் பட்டைகளின் உட்புறத்தைப் பாருங்கள். அதில் ஒன்றில் காலி எடை பொறித்திருக்கும். பெயிண்ட் மேல் பெயிண்ட் அடித்திருப்பார்கள்; டார்ச் அடித்து, விரலால் தடவிப் படிக்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் 15, 16 கிலோவை ஒட்டிய எண்தான். ஆனால் சிலிண்டருக்குச் சிலிண்டர் மாறும் என்பதால் போன சிலிண்டரின் எண்ணை இதற்கு வைத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்திலேயே 'பி-28' என்பது போல எழுத்தும் எண்ணும் இருந்தால் அது எடையல்ல, சிலிண்டரை மறுசோதனை செய்யவேண்டிய காலாண்டும் ஆண்டும்.

தராசுக்கு எங்கே போவது என்று இந்த ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். பச்சைத் தேயிலைச் சாக்கை நிறுக்கும் கொக்கித் தராசு தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். உறுதியான உத்தரத்தில் மாட்டி, இருவராகத் தூக்கிக் கொக்கியை வளையத்தில் கோத்து, ஆட்டம் நின்றபின் முள்ளைப் பாருங்கள். தராசு கிடைக்காதவர்கள் உடல் எடை பார்க்கும் மெஷின்மேல் சிலிண்டரை அணைத்துக்கொண்டு ஏறி, தன் எடையைக் கழித்துக்கொள்ளலாம். இடுப்பு பிடித்துக்கொண்டால் நான் பொறுப்பல்ல.

போன வாரம் என் வீட்டில் முள் காட்டியது 20.1. காலி எடை 15.9. மிச்சம் 4.2 கிலோ. வீட்டுச் சிலிண்டர் நிறைந்திருக்கும்போது 14.2 கிலோ. எங்களுக்கு அது 35 நாள் வருகிறது. நாளுக்குச் சுமார் 400 கிராம். ஆக இன்னும் பத்து நாள். கீழ்நாட்டுக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைத்தால் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும்.

எடை போட முடியாத நாளில் வெந்நீர். ஈரத்துணியால் துடைத்து, எது வரை சீக்கிரம் காய்கிறது என்று பார்ப்பது பலர் சொல்லும் வழி. மஞ்சு இறங்கிய நாளில் இங்கே சட்டையே காய்வதில்லை, சிலிண்டர் எங்கே காயும்? கை பொறுக்கும் சூட்டில் இரண்டு மக்கு நீரைச் சிலிண்டரின் ஒரு பக்கமாக மேலிருந்து வழியவிடுங்கள். ஒரு நிமிடம் கழித்து உள்ளங்கையை மேலிருந்து கீழே மெல்ல இறக்குங்கள். வெதுவெதுப்பாக வரும் தகடு ஓரிடத்தில் சட்டென்று ஜில்லென்று ஆகும். அதுதான் திரவத்தின் மட்டம்; திரவம் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது, அதற்கு மேலுள்ள ஆவியால் அவ்வளவு உறிஞ்ச முடியாது. சாக்பீஸால் கோடு போட்டுவிடுங்கள். புதுச் சிலிண்டரிலும் கோடு உச்சியைத் தொடாது, முக்கால் பாகத்துக்குச் சற்று மேலே நிற்கும். யாரும் திருடிவிடவில்லை, விரிவடைய இடம் விட்டுத்தான் நிரப்புகிறார்கள். அடிப்பக்கம் வளைந்திருப்பதால் கடைசி நான்கு விரற்கடையை உத்தேசமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கொதிநீர் வேண்டாம். வெந்நீர்த் தொட்டியில் சிலிண்டரை நிறுத்துவதும், குளிர் போக்கப் பக்கத்தில் கணப்பு வைப்பதும் கூடவே கூடாது. மிச்சத்தை வடிக்கிறேன் என்று படுக்கவைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் பாயும். கேஸ் வாடை அடித்தால் அளவு பார்க்கும் வேலையை விட்டுவிட்டு, ரெகுலேட்டரை மூடி, ஸ்விட்ச் எதையும் தொடாமல் கதவு ஜன்னலைத் திறந்து வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண் 1906-க்கு அழையுங்கள்.

மற்ற மாதங்களில் மூன்று கிலோ இருக்கும்போது பதிவு செய்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் ஐந்து கிலோவிலேயே. மலைப்பாதையில் குஞ்சப்பனைப் பக்கம் மண் சரிந்தால் லாரி மேட்டுப்பாளையத்திலேயே நின்றுவிடும்.